பேர் எழுதாத படம்

குஞ்சு,

கடைக்கு வந்து உன்னை அப்பிடிக் கூப்பிட வேண்டாம் எண்டு நீ எத்தினை தரம் சொல்லியிருப்பாய். மருதனார்மடச் சந்தியிலை, நீ போன் திருத்திற கடை வாசலிலை நிண்டு, கையிலை மரக்கறிப் பையோடை நான் ஒருக்கால் "குஞ்சு" எண்டு கூப்பிட, உன்னோடை வேலை செய்யிறவங்கள் ஒரு மாதமாய் உன்னை அப்பிடியே கூப்பிட்டவங்கள். முப்பத்தொரு வயது ஆம்பிளையைக் குஞ்சு எண்டு கூப்பிடுறது பிழைதான். ஆனால் இது உன்ரை அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டிலை வரப்போற கடிதம். முப்பத்தோராம் நாள் வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போற எங்கடை சனத்தின்ரை கையிலை குடுக்கிற சின்னப் புத்தகம். அதை வாசிக்கிறவைக்கு உன்ரை மற்றப் பேரைச் சொன்னால்தான் ஆர் எண்டு யோசிப்பினம்.

கல்வெட்டு எண்டால் தேவாரம், திருவாசகம், பிறந்த கதை, படிச்ச கதை, நன்றி நவிலல், இதுகளோடை 'தாய் புலம்பல்' எண்டும் ஒரு பக்கம் வரவேணும் எண்டு அச்சகக்காரர் சொன்னார். அவரிட்டை ஆயத்தமாய் இருக்கு, பாட்டு. பேரை மாத்திறது மட்டும்தான் வேலை. "அம்மா, மகன் எண்டால் இது, மகள் எண்டால் அது" எண்டு ரண்டு தாளை எடுத்து நீட்டினார். நல்ல மனுசன், ஒரு குறையும் சொல்லேலாது. மகன் தாளை வாங்கி வாசிச்சுப் பாத்தன். அதிலை நான் தலையை விரிச்சுப்போட்டு நிலத்திலை கிடந்து புரளுறன், மார்பிலை அடிக்கிறன், யமனைக் கூப்பிட்டுக் கேள்வி கேக்கிறன். நான் அப்பிடி ஒண்டும் செய்யேல்லை. நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான், ஆனால் நான் செய்யாததை நான் செய்தது எண்டு எழுதியிருந்தால் எனக்கு விளங்கும். நான் எழுதித் தாறன் எண்டு சொல்லிப் போட்டு வந்திட்டன். உன்ரை அக்கா கேட்டுட்டு, "அழுது அழுது எழுதாதேங்கோ அம்மா, மை ஊறினால் எழுத்து விளங்காது, நான்தானே இருந்து ரைப் அடிக்கவேணும்" எண்டாள். அதாலை அழாமல் எழுதிறன்.

இந்தப் புத்தகத்திலை நீ எடுத்த படங்களையும் போடுறம். இருபத்தொரு படம். எல்லாம் எங்கடை வீட்டுச் சாமான்தான், நீ கிட்டப் போய் எடுத்தது. ஒரு பக்கத்திலை படம், தாளைத் திருப்பினால் மற்றப் பக்கத்திலை அது என்ன சாமான் எண்டு பேர். நீ அப்பிடித்தானே எல்லாருக்கும் காட்டுவாய். முதல் படம், கொஞ்சம் யோசிக்க விடுவாய், பேந்து பேர். இருபது படத்துக்கு நான் பேர் எழுதிக் குடுத்திட்டன். ஒண்டுக்கு எனக்குத் தெரியேல்லை. நாளைக்கு அச்சகக்காரர் வாறார், அதுக்கும் பேர் வேணுமாம். இதுதான் எனக்கு இப்ப உள்ள வேலை. மற்ற வேலை எல்லாத்தையும் ஆக்கள் பாக்கினம்.

இந்தப் படம் எடுக்கிற விசர் உனக்கு எப்ப தொடங்கினது எண்டு எனக்கு வடிவாத் தெரியும். கடையிலை ஒருத்தரும் திருப்பி எடுக்க வராத ஒரு பழைய சி.டி. பிளேயரைக் கழட்டி, அதுக்குள்ளை இருந்த உழுந்தளவு கண்ணாடியை எடுத்து, என்ரை தலைக் கிளிப்பிலை பசை போட்டு ஒட்டி, போனிலை கொழுவிக்கொண்டு குசினிக்கை வந்தாய். ஏதோ ஒண்டை எடுத்துப்போட்டுப் போனை என்ரை மூஞ்சைக்கு நேரே பிடிச்சாய். "அம்மா, இது என்ன?" வெள்ளையாய், சதுரம் சதுரமாய், மூலை மூலையாய், படிக்கட்டு மாதிரி. நான் "கற்கண்டு" எண்டன். "உப்பு, அம்மா. இப்ப நீங்கள் சொதிக்குப் போட்டது" எண்டாய். நான் நம்பேல்லை. கையிலை கொஞ்சம் எடுத்துப் பாத்தன், அது எப்பவும் போலை உப்பாய்த்தான் கிடந்தது. "சரி சரி, சொதி பொங்கப்போகுது, அங்காலை போ" எண்டு துரத்திவிட்டன். நாப்பது வருசமாய் உப்புப் போடுறன், அது சதுரம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

அதுக்குப் பிறகு உனக்கு ஒரு சாமானும் தப்பேல்லை. ஊசிக் காது, சவர்க்காரக் கட்டியிலை விழுந்த வெடிப்பு, சீப்பின்ரை பல்லு, நெருப்புக்குச்சி எரிஞ்ச முனை, துவாயின்ரை நூல், பனங்கட்டி, தேங்காய் திருவுற திருவலையின்ரை பல்லு. பேந்து பழைய கமரா ஒண்டு வாங்கினாய். அதின்ரை லென்சைக் கழட்டி, முன்பக்கம் உள்ளுக்குப் போக, பின்பக்கம் வெளியிலை வாறமாதிரி திருப்பிப் பூட்டினாய். கொப்பர் தோட்டத்தாலை வந்து மண்வெட்டியைச் சாத்திப்போட்டு அதைக் கொஞ்ச நேரம் பாத்தார். "டேய், உது மாறிப் பூட்டியிருக்கடா."

"இதுக்கு அப்பிடித்தான் அப்பா. மாறிப் பூட்டினால்தான் கிட்டத் தெரியும்."

"நான் தண்ணிப் பம்பை உப்பிடிப் பூட்டினால் கிணத்துத் தண்ணி திரும்பக் கிணத்துக்கைதான் போகும்."

கொப்பருக்கு நீ எந்தப் படத்தைக் காட்டினாலும் அவர் சொல்லுற பேர் ஒண்டுதான். புகையிலை. சீப்பைக் காட்டினாலும் "புகையிலை நரம்பு." துவாயைக் காட்டினாலும் "உது புகையிலை காயப்போட்ட கொட்டில்." நீ ஒருநாள் வேணுமெண்டு மெய்யாவே ஒரு புகையிலைத் துண்டை எடுத்துக் காட்டினாய். அவர் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்துப்போட்டு, "வெங்காயத்தாள்" எண்டார். நீ கதிரையாலை விழுந்து சிரிச்சாய்.

எனக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிடிபட்டது. ஒருநாள் கன்னங்கரேலெண்டு ஒரு மலை விளிம்பு, அதிலை ஒரு இடத்திலை பள்ளம். "என்ன அம்மா?" நான் ஒருக்கால்தான் பாத்தன். "மரக்கறி வெட்டுற கத்தி. உந்தப் பல்லு விழுந்தது போன வருசம் பூசணிக்காய் வெட்டேக்கை." நீ வாயைப் பிளந்தாய். ஒரு சாமானை நாள்தோறும் பிடிக்கிறவளுக்கு அதின்ரை குறை எங்கை எண்டு கை சொல்லும். அதுக்குப் பிறகு நீ எந்தப் படத்தை எடுத்தாலும் முதலிலை குசினிக்குத்தான் கொண்டுவருவாய். பத்துக்கு எட்டு நான் சரியாச் சொல்லுவன். அக்காவுக்கு மூண்டும் வராது. அது எனக்குப் பெருமையாய் இருந்தது, நான் உனக்குச் சொல்லேல்லை. உலகத்திலை எனக்கு ஆரும் சோதினை வைச்சு நான் பாஸ் பண்ணினது அது ஒண்டுதான்.

உனக்கு நான் சொன்ன புத்தி எல்லாத்தையும் இதிலை எழுதவேணும் எண்டு பாத்தன். தாய்மார் எழுதிற கடிதத்திலை அப்பிடித்தானே இருக்கும். அரசாங்க வேலைக்கு எழுதிப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. முப்பது தாண்டமுன்னம் கலியாணத்தைச் செய். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்காதை, குருடாய்ப் போவாய். எல்லாம் நல்ல புத்திதான். ஒண்டும் உனக்குத் தேவைப்படேல்லை. இப்ப அதுகளை ஆருக்குக் குடுக்கிறது எண்டும் தெரியேல்லை. வாசிக்கிறவையிலை வேண்டியவை எடுக்கலாம்.

நீ படம் எடுக்கேக்கை எனக்கு வந்த கரைச்சல் கொஞ்சம் இல்லை. ஒரு சாமானுக்கு நாப்பது படம் எடுப்பாய். ஒவ்வொரு படத்திலையும் மயிரளவு இடம் மட்டும்தான் தெளிவாய் இருக்கும், மற்றதெல்லாம் புகை. கமராவை ஒரு நூல் அளவு தள்ளித் தள்ளி எடுத்து, பேந்து எல்லாத்தையும் கொம்பியூட்டரிலை ஒண்டாய்ச் சேர்ப்பாய். அது முடியும் மட்டும் வீடு அசையக்கூடாது. "அம்மா, ஒரு அஞ்சு நிமிசம் நடக்காதேங்கோ" எண்டு அறைக்குள்ளை இருந்து சத்தம் வரும். நான் அகப்பையும் கையுமாய்க் குசினி வாசலிலை சிலை மாதிரி நிப்பன். அடுப்பிலை கறி அடிப்பிடிக்கும். "குஞ்சு, முடிஞ்சுதோ?" "கதைக்கவும் வேண்டாம் அம்மா." பால்மாப் பைக்கற்றை வெட்டி, உள்ளுக்குள்ளை உள்ள வெள்ளிப் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடிப்பாய். அதாலை நான் ஒரு பைக்கற்றையும் எறியாமல் கழுவிக் காயவைச்சன். இப்பவும் குசினி லாச்சிக்குள்ளை பதினொண்டு கிடக்கு.

இனி நான் செய்த பிழையைச் சொல்லுறன். ரண்டு பிழை. முதலாவது சின்னன்.

அரியாலையிலை இருந்து உன்னைப் பாக்க ஒரு பகுதி வந்தது. பெட்டையின்ரை தாயும் தகப்பனும். நல்ல சனம், சாதகத்தையும் கொண்டு வந்திருந்தினம். நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். தகப்பன் உன்னைப் பாத்து, "தம்பி படமெல்லாம் எடுப்பியள் எண்டு கேள்விப்பட்டம். கலியாண வீட்டுப் படமோ?" எண்டு கேட்டார்.

"இல்லை, வீட்டுச் சாமான்."

"ஓ, விக்கிறதுக்கு."

"இல்லை. பாக்கிறதுக்கு."

அந்த மனுசன் என்னைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தன். நீ உள்ளுக்கை போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வந்திட்டாய். அவர் வாங்கித் தூரப் பிடிச்சும் கிட்டப் பிடிச்சும் பாத்தார். "இதென்ன தம்பி, குளத்துக் கட்டோ? பாசி பிடிச்சுக் கிடக்கு."

"தேத்தண்ணி வடி."

"ஆரின்ரை வடி?"

"எங்கடை. இப்ப உங்களுக்கு வடிச்சதும் அதாலைதான்."

அந்த அம்மா கையிலை இருந்த கப்பைச் சத்தம் போடாமல் ஸ்டூலிலை வைச்சா. பிறகு எடுக்கேல்லை. அவை வாசல் படலை தாண்டினதுதான் தாமதம், நான் தொடங்கினன். "உனக்கென்ன விசரே? எங்கடை ஊத்தையைப் படம் எடுத்து வாற ஆக்களுக்குக் காட்டுறியோ?" நீ சொன்னாய், "அம்மா, கிட்டப் போனால் எல்லா வீட்டு வடியும் உப்பிடித்தான்." நான் சொன்னன், "எல்லா வீட்டு வடியும் உப்பிடித்தான். எல்லா வீட்டிலையும் ஒருத்தன் இருந்து காட்டேல்லை." சாதகம் பொருந்தேல்லை எண்டு ரண்டு நாளாலை சொல்லி அனுப்பிச்சினம். வடிதான் பொருந்தேல்லை எண்டு எனக்குத் தெரியும்.

அண்டைக்கே நான் சாம்பலும் தேசிக்காயும் போட்டு அந்த வடியை மினுக்கு மினுக்கெண்டு மினுக்கிப் போட்டன். மூண்டு வருசக் கறை. நீ வேலையாலை வந்து தேடினாய். "வடி எங்கை அம்மா?" நான் பெருமையாய் எடுத்துக் காட்டினன், புதுசு மாதிரி. நீ கோவிக்கேல்லை. கையிலை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தாய். கிழமைக்கு ஒருக்கால் அதே இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தனியாம், கறை எப்பிடி வளருது எண்டு. ஒன்பது கிழமை எடுத்திருக்கிறாய். அது எனக்குத் தெரியாது. "பரவாயில்லை அம்மா" எண்டு சொல்லிப் போட்டு, அலுமாரியிலை இருந்து ஒரு பீரிசை எடுத்தாய். நீல விளிம்பு போட்டது, கப் உடைஞ்சு தனிய மிஞ்சினது. "இனி நான் படம் எடுக்கிற சாமானை இதுக்குள்ளை வைப்பன். பீரிசிலை இருக்கிறதை மட்டும் தொடாதேங்கோ. மற்றது எல்லாத்தையும் நீங்கள் மினுக்கலாம்." நான் ஓம் எண்டன். ரண்டு வருசம் நான் அந்தச் சொல்லைக் காப்பாத்தினன். பீரிசிலை ஒருக்கால் எறும்பு மொய்ச்சது. அதுக்கும் உன்னைக் கேட்டுத்தான் ஊதினன். ஆனால் வீட்டுக்கு ஆரும் வந்தால் நீ பிறகு ஒரு படமும் காட்டேல்லை. நான் காட்டாதை எண்டு சொன்னதைக் காப்பாத்தினாய். அதைத்தான் நான் சின்னப் பிழை எண்டு சொன்னன். சின்னனோ எண்டு இப்ப யோசிக்கிறன்.

ஆக்களை நீ படம் எடுக்கேல்லை. "முகத்துக்கு நேரே பிடிச்சால் முகத்தை மாத்திப் போடுவினம் அம்மா, சாமான் மாத்தாது" எண்டு சொல்லுவாய். உன்னையும் ஆரும் எடுக்கேல்லை, கமரா எப்பவும் உன்ரை கையிலைதானே. இந்தப் புத்தகத்தின்ரை முன்பக்கத்திலை வாற படம் அடையாள அட்டையிலை இருந்து எடுத்துப் பெருப்பிச்சது. காது ரண்டும் தெரியவேணும் எண்டு ஸ்ரூடியோக்காரன் சொல்லி, நீ முழிச்சுக்கொண்டு இருக்கிற படம். உன்ரை மூஞ்சை அப்பிடி இல்லை. வேறை படம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் எண்டு படுத்தாய். நான் கொத்தமல்லி அவிச்சுத் தந்தன். புதன்கிழமை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனம். டெங்கு எண்டிச்சினம். எல்லாரும் செய்ய ஏலுமானதைச் செய்தவை. அடுத்த செவ்வாய்க்கிழமை உன்னைத் துணியாலை மூடி வீட்டை கொண்டு வந்தம்.

ரண்டாவது பிழை இதுதான். பிரேதம் படலையைத் தாண்டின கையோடை, ஆம்பிளையள் சுடலைக்குப் போக, பெண்டுகள் வாளியும் தும்புத்தடியுமாய் வீடு கழுவ இறங்கவேணும். ஆம்பிளையள் திரும்பி வாறதுக்குள்ளை வீடு கழுவி முடிஞ்சிருக்கவேணும். அது எங்கடை வழமை, வாசிக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "நீங்கள் இருங்கோ அக்கா, நாங்கள் பாக்கிறம்" எண்டு அயலிலை உள்ளவை என்னைப் பிடிச்சு இருத்திச்சினம். எனக்கு இருக்க ஏலாது. உன்ரை அறைக்குள்ளை மற்றவை போய் உன்ரை சாமானைத் தொடக்கூடாது எண்டு நினைச்சன். வாளியை நான் வாங்கிக்கொண்டு போனன். தலையணை உறையைக் கழட்டினன். படுக்கை விரிப்பை உருவினன். யன்னலடி மேசையிலை கமரா தலையைக் குனிஞ்சபடி நிண்டது, அதுக்குக் கீழை பீரிஸ். கமராவைத் தூக்கி அலுமாரிக்குள்ளை வைச்சன், தண்ணி படக்கூடாது எண்டு. அவ்வளவு கவனம். பேந்து பீரிசை எடுத்து வாளிக்குள்ளை கவிட்டன். கை தன்ரை பாட்டிலை செய்தது. கமக்கட்டுக்கை இருந்த துணியாலை மேசையைத் துடைச்சன். பீரிசைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குசினி அலுமாரியிலை மற்றப் பீரிசுகளோடை அடுக்கினன். வாளித் தண்ணி வாய்க்காலாலை வாழையடிக்குப் போயிட்டுது.

அதுக்குள்ளை என்ன கிடந்தது எண்டு நான் பாக்கேல்லை. விழுந்த சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு. கல்லு விழுந்த மாதிரியும் இல்லை, பஞ்சு விழுந்த மாதிரியும் இல்லை.

பதினைஞ்சாம் நாள் அக்கா உன்ரை கமராவை எடுத்து, உள்ளுக்கை இருந்த மெமரி கார்டைக் கொம்பியூட்டரிலை போட்டுப் பாத்தாள். நாப்பத்திரண்டு படம், எல்லாம் ஒரே சாமான், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடுத்தது. நீ காய்ச்சலிலை படுக்கிறதுக்கு முதல்நாள். நீ சேர்த்து முடிச்ச படத்துக்கெல்லாம் பேர் அடிச்சு வைப்பாய், தேத்தண்ணி வடி மூண்டு, தேத்தண்ணி வடி நாலு எண்டு. இதுக்குக் கமரா போட்ட இலக்கம் மட்டும்தான். உன்ரை கடை முதலாளி தானே வீட்டை வந்து, உன்ரை கதிரையிலை இருந்து, அந்த நாப்பத்திரண்டையும் ஒண்டாய்ச் சேர்த்துத் தந்தார். படம் வந்தது. மண்ணிறமும் மஞ்சளும் கலந்து, உழுத தோட்டம் மாதிரி வரி வரியாய். நடுவிலை ஒரு குழி. குழியின்ரை கரையிலை கண்ணாடி மாதிரி மினுங்கிற மூண்டு துளி. மூண்டாவது துளிக்குள்ளை உன்ரை யன்னல் தலைகீழாய்த் தெரியுது, கம்பியெல்லாம் எண்ணலாம். இவ்வளவு வடிவான படம் நீ முந்தி எடுக்கேல்லை.

அக்கா என்னைப் பாத்தாள். முதலாளி என்னைப் பாத்தார். எல்லாருக்கும் தெரியும், இது என்ன எண்டு நான் சொல்லுவன் எண்டு. எனக்குத் தெரியேல்லை.

கொப்பரைக் கூப்பிட்டுக் காட்டினம். அவர் கண்ணாடியை ஏத்திவிட்டுக் கனநேரம் பாத்தார். அக்கா அவரின்ரை வாயையே பாத்துக்கொண்டு நிண்டாள். அவர் புகையிலை எண்டு சொல்லேல்லை. "தெரியேல்லை" எண்டிட்டு எழும்பிப் போயிட்டார்.

அண்டையிலை இருந்து நான் தேடுறன். உன்ரை முதல் கண்ணாடி, என்ரை தலைக் கிளிப்பிலை ஒட்டினது, லாச்சிக்குள்ளை கிடந்தது. அதை என்ரை போனிலை கொழுவ அக்கா காட்டித் தந்தாள். ஒவ்வொரு நாளும் சமைச்சு முடிய, ஒரு சாமானாய் எடுத்துப் பாத்தன். இஞ்சி, காய்ஞ்ச தோடம்பழத் தோல், சிரட்டை, தும்பு, தோசைக் கருகல், போத்தல் தக்கை, புளியங்கொட்டை, சவர்க்காரத்தின்ரை கடைசித் துண்டு. படம் ஆடும். நீ என்னை நடக்கவும் விடாதது ஏன் எண்டு இப்ப விளங்குது. மஞ்சள் துண்டு ஒண்டிலை வரி கிட்டத்தட்டச் சரியாய் வந்தது. நான் எழும்பி நிண்டிட்டன். ஆனால் குழி இல்லை, நிறமும் வேறை. பனங்கட்டியிலை துளி இருந்தது, வரி இல்லை. அக்கா சொன்னாள், "அம்மா, ஏதோ ஒண்டைக் கிட்டத்தட்ட எழுதிவிடுவம், ஆருக்குத் தெரியப்போகுது?" எனக்குத் தெரியுமே எண்டன்.

போன வெள்ளிக்கிழமை காலமை நான் வாழையடியிலை குந்தியிருந்து வாய்க்கால் சேத்தைக் கையாலை கிளறினன். கொப்பர் தோட்டத்துக்குப் போக வெளிக்கிட்டவர், வந்து பின்னாலை நிண்டார்.

"என்ன தேடுறாய்?"

"பெடியன்ரை சாமான்."

"என்ன சாமான்?"

"தெரியாது."

அவர் போய் மண் அரிக்கிற அரிதட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் சேத்தை அள்ளி அள்ளிப் போட, நான் தண்ணி ஊத்த, மத்தியானம் வரைக்கும் ரண்டு பேரும் அரிச்சம். அண்டைக்கு அவர் தோட்டத்துக்குப் போகேல்லை. கிடைச்சது ஒரு சேட்டுத் தெறி, ஊதுபத்திக் குச்சி, உடைஞ்ச காப்புத் துண்டு, மூண்டு கொட்டை, பேர் தெரியாத வேர் ஒண்டு. எல்லாத்தையும் கழுவிப் பீரிசிலை வைச்சு, ஒவ்வொண்டாய்க் கண்ணாடியாலை பாத்தன். கொப்பர் பக்கத்திலை கதிரை போட்டு இருந்தார். ஒவ்வொண்டுக்கும் "உதுவோ?" எண்டு கேட்டார். நான் இல்லை எண்டன். கடைசியாய் அந்த வேரைப் பாத்துட்டு நான் போனைக் கீழை வைக்க, அவர் கேக்கேல்லை. மாட்டுக்குத் தண்ணி வைக்க எழும்பிப் போயிட்டார். மழை ரண்டு தரம் பெய்திருக்கு, எறும்பு இருக்கு, கோழி இருக்கு. அது கரையிற சாமானாயும் இருந்திருக்கலாம்.

நேற்று அச்சகக்காரர் போனிலை கதைச்சார். "அம்மா, கடைசிப் படத்துக்கு என்ன போடுறது?" தெரியேல்லை எண்டன். கொஞ்சம் யோசிச்சுப் போட்டு, "அப்ப 'வாழ்க்கை' எண்டு போடுவமோ? படம் நல்ல ஆழமாய்க் கிடக்கு" எண்டார். நான் வேண்டாம் எண்டன். "'பிரபஞ்சம்'?" அதுவும் வேண்டாம் எண்டன். என்ரை பிள்ளை வாழ்க்கையைப் படம் எடுக்கேல்லை. ஏதோ ஒரு சாமானைத்தான் எடுத்தவன். அதுக்கு ஒரு பேர் இருக்கு, கடையிலை கேட்டால் எடுத்துத் தருவினம், இல்லாட்டி எங்கடை வளவுக்குள்ளை கிடக்கும். "அப்ப அந்தப் பக்கத்தை வெறுமனே விட்டால் சனம் அச்சுப் பிழை எண்டு என்னைத்தான் பேசும் அம்மா." பேசட்டும் எண்டன். நாளைக்கு வந்து நேரிலையும் கேட்பார். அதையேதான் சொல்லுவன்.

அதாலை இந்தப் புத்தகத்தை வாசிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், கடைசிப் படத்தின்ரை மற்றப் பக்கம் வெள்ளையாய் இருக்கிறது அச்சகக்காரரின்ரை பிழை இல்லை, என்ரை பிழை. உங்களிலை ஆருக்கும் பாத்தவுடனை இன்னது எண்டு தெரிஞ்சால் வீட்டை வந்து சொல்லுங்கோ. வடியாலை வடிச்ச தேத்தண்ணி குடிக்கலாம் எண்டால் இருந்து குடிச்சிட்டுப் போங்கோ. அந்த வடியை நான் இப்ப மினுக்கிறேல்லை. கறை திரும்பப் பிடிக்கத் தொடங்கியிருக்கு. ஞாயிற்றுக்கிழமையிலை கண்ணாடியைக் கொழுவி ஒரு படம் எடுக்கிறன். ஆடுது, எண்டாலும் எடுக்கிறன். ரண்டு கிழமை ஆச்சு.

பீரிசைக் குசினி அலுமாரியிலை இருந்து எடுத்து உன்ரை மேசையிலை, முந்தி இருந்த இடத்திலையே திரும்ப வைச்சிருக்கிறன். ஒண்டும் இல்லாமல். காலமை கூட்டேக்கை அதைத் தூக்காமல் சுத்திக் கூட்டுறன். நீ எப்பவும் படத்தைக் காட்டிப் போட்டுக் கொஞ்ச நேரம் யோசிக்க விடுவாய், நான் திணறினால் சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போடுவாய். நான் யோசிச்சிட்டன் குஞ்சு, வீட்டிலை உள்ள எல்லாத்தையும் எடுத்துப் பாத்திட்டன், இனி எனக்கு வராது. அந்தப் பீரிசிலை என்ன வைச்சிருந்தனி?